உபவேந்தர் ஹன்ஸா மேத்தா அம்மையார்

நுவரெலியாவிலிருந்து ஹக்கலைக்குச் செல்லும் பாதையில், ஓடைக்கரையிலே அமைந்துள்ள சீதையம்மன் ஆலயத்தை அறியாதவர் நம் கந்தப்பளையில் இரார். அசோகவனத்திலே சீதாபிராட்டி சிறையிருந்த இடம் அதுவென்று தலைமுறை தலைமுறையாக நம்மவர் நம்பி வழிபட்டு வருகின்றனர். அச்சிறையில் அநுமன் வந்து கணையாழி கொடுத்த கதையைக் கூறும் சுந்தர காண்டம் நம் இல்லங்கள் பலவற்றிலும் பாராயணம் செய்யப்படுவது. வான்மீகியின் அந்தச் சுந்தர காண்டத்தை வடமொழியிலிருந்து குஜராத்தி மொழிக்குப் பெயர்த்துத் தந்தவர் ஒரு பெண்மணி. அவரே பாரத தேசத்தில் ஒரு சர்வகலாசாலையின் உபவேந்தர் பதவியில் அமர்ந்த முதற் பெண்மணியுமாவார். உலக மக்கள் அனைவருக்குமாக எழுதப்பட்ட சாசனம் ஒன்றின் முதல் வாக்கியத்திலே ஒரு சொல்லைத் திருத்துவித்தவரும் அவரே. ஹன்ஸா மேத்தா அம்மையார் என்னும் அப்பெருமாட்டியின் சரிதத்தை நம் மன்றத்து இளைஞரும் பெரியோரும் அறிந்திருத்தல் நலம் என்று கருதியே இதனை எழுதப் புகுந்தோம்.

1897ஆம் ஆண்டு யூலை மாதம் 3ஆம் திகதி சூரத்து நகரத்திலே, நாகர் பிராமண குலத்தில் அம்மையார் பிறந்தார். கல்வி அக்குடும்பத்துக்குப் பரம்பரைச் சொத்து. பாட்டனார் நந்தசங்கர் மேத்தா ஆசிரியராக வாழ்ந்தவர். குஜராத்தி மொழியின் முதல் நாவலாகிய கரண் கேலோவை 1866இல் எழுதி வெளியிட்டவர். தந்தையார் மனுபாய் மேத்தா பரோடாக் கல்லூரியில் தத்துவ போதகாசிரியராயிருந்து, பின்பு பரோடா சமஸ்தானத்தின் திவானாக உயர்ந்தவர்.

பரோடாவை அக்காலத்தில் ஆண்டவர் மூன்றாம் சாயாஜிராவ் கெய்க்வாட் மன்னர். அவரைப்பற்றி இங்கே இரண்டொரு வார்த்தை கூறாமல் அப்பாற் செல்லல் இயலாது. 1893இல் அம்ரேலிப் பகுதியிலே கட்டாயக் கல்வியைப் பரீட்சார்த்தமாகத் தொடங்கிய அவர், 1906இல் சமஸ்தானம் முழுவதற்கும் அதனை விரித்தார். ஆண் பிள்ளைகளுக்கு மட்டுமன்றிப் பெண் பிள்ளைகளுக்கும் அது கட்டாயம். பிரித்தானிய ஆட்சியிலிருந்த மாகாணங்களே துணியாத காரியம் இது. அதே காலத்தில் நம் தோட்டங்களில் நிலைமை எவ்வாறிருந்தது? கங்காணியின் தயவில் லயத்து மூலையிலோ மரத்தடியிலோ கூடிய பள்ளிகளே பெரும்பாலும் இருந்தன. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் வந்த பின்னரே தோட்டப் பிள்ளைகளுக்குப் பாடசாலை அமைப்பது நிருவாகத்தின் கடமையாயிற்று. அதுவும் மிகச் சிறு வயதினருக்கு மட்டுமே. நாட்டுக்கு 1945இல் இலவசக் கல்வி வந்தபோதும் நம் பாடசாலைகள் அதற்குப் புறத்தே நின்றன. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்றது 1970களிலேதான். ஒரு மன்னரின் மனத்திலே பெண் கல்வி இடம் பெற்றமையால் பரோடாவின் பெண்கள் எத்தனை தலைமுறை முந்திக்கொண்டார்கள் என்பதை இதனால் உணரலாம். அந்த ஊரிலே, அந்தக் காற்றிலே வளர்ந்தவர் ஹன்ஸா அம்மையார்.

1918இல் பரோடாக் கல்லூரியிலிருந்து தத்துவ பாடத்தில் சிறப்புப் பட்டம் பெற்று வெளியேறினார். மறு வருடம் கப்பலேறி இங்கிலாந்து சென்று பத்திரிகைத் தொழிலும் சமூகவியலும் பயின்றார். கவியரசி சரோஜினி நாயுடு அம்மையாரின் நட்பு அவருக்கு வாய்த்தது. 1920இல் ஜெனீவா நகரத்தில் மாதர் வாக்குரிமைக்காகக் கூடிய அனைத்துலக மகாநாட்டுக்குச் சரோஜினி அம்மையாருடன் சென்றார். இருபத்திரண்டு வயதுப் பெண் பல தேசத்து மாதரோடு சரியாசனத்தில் அமர்ந்தாள் என்றால், அக்காலத்து இந்துக் குடும்பமொன்றில் அது எத்துணைப் பெரிய செய்தியாயிருந்திருக்கும்! பின்பு அமெரிக்காவுக்கும் சென்று, அங்குள்ள கல்வி நிலையங்களைப் பார்வையிட்டுத் திரும்பினார்.

வெளியுலகில் மதிப்புப் பெற்றவரை வீட்டு முற்றத்திலே சோதனை எதிர்பார்த்திருந்தது. டாக்டர் ஜீவராஜ் மேத்தா என்னும் வைத்தியரை அவர் மணக்க விரும்பினார். டாக்டர் அம்ரேலியிலே வறிய குடும்பத்திற் பிறந்து, தம் அறிவின் வலியினாலேயே இலண்டன் வரை சென்று வைத்திய சாஸ்திரம் கற்றவர். பிற்காலத்திலே காந்தியடிகளுக்கு வைத்தியம் பார்த்த பேறும் பெற்றவர். குணத்தில் குறை கூற ஒன்றுமில்லை. ஆனால் அவர் வைசிய குலத்தவர். அம்மையாரோ நாகர் பிராமணர். உயர்குலத்தெனப்பட்ட பெண் ஒரு படி தாழ்ந்ததெனப்பட்ட குலத்து ஆடவனை மணப்பதைப் பழைய நூல்கள் பிரதிலோமம் என்று கூறி இழித்தன. சாதியார் கூடி எதிர்த்தனர். விலக்கி வைப்போம் என்றனர். சாயாஜிராவ் மன்னர் அம்மையாரின் பக்கம் நின்றார். 1924இல் திருமணம் நடந்தேறியது. இதனை வாசிக்கும் பெரியோர் சிலருக்கு நம் லயங்களிலே நேர்ந்த இத்தகைய வழக்குகள் நினைவுக்கு வரலாம். அங்கே மன்னர் ஒருவர் துணை நின்றார். இங்கே அப்படித் துணை நிற்க ஊர்ப் பெரியவர் ஒருவரேனும் முன்வந்த சந்தர்ப்பங்கள் எத்தனையென்று அவரவரே எண்ணிப் பார்க்கட்டும்.

மணமான பின் பம்பாய் அவருக்கு வாழ்விடமாயிற்று. 1926இல் பம்பாய் நகரப் பாடசாலைக் குழுவுக்குத் தெரிவு செய்யப்பட்டார். குழந்தைகளுக்கான கதைப் புத்தகங்கள் எழுதினார். கலிவரின் யாத்திரையைக் குஜராத்திக் குழந்தைகளுக்குச் சொன்னார். ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தம் மொழியிலே தந்தார்.

1930இல் உப்புச் சத்தியாக்கிரகம் மூண்டது. தேச சேவிகா சங்கத்துப் பெண்கள் பம்பாய் வீதிகளில் அந்நியத் துணிக் கடைகளின் முன்னும் கள்ளுக் கடைகளின் முன்னும் மறியல் செய்தனர். ஹன்ஸா அம்மையார் அவர்களை முன்னின்று நடத்தினார். திவான் வீட்டில் வளர்ந்த மகள் சிறை சென்றார். 1932இல் கணவரும் மனைவியுமாகவே சிறையேகினர். காந்தியடிகளை 1922இலேயே சிறையில் சென்று கண்டவர் அவர்; பத்தாண்டுக்குள் சிறைக் கதவின் மறுபக்கத்தைத் தாமே கண்டார்.

1937இல் மாகாணத் தேர்தல்கள் வந்தன. பெண்களுக்கென ஒதுக்கப்பட்ட ஆசனங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்றைப் பெற்று எளிதில் சபை புகுந்திருக்கலாம். அம்மையார் அதனை ஏற்கவில்லை. பொது ஆசனத்துக்கே போட்டியிட்டு வென்று பம்பாய் மேற்சபையில் அமர்ந்தார். கல்வி இலாகாவின் பாராளுமன்றக் காரியதரிசியாகவும் கடமை புரிந்தார். தனி ஒதுக்கீடு தேவையில்லை, சமநீதியே தேவையென்பது அவருடைய உறுதியான கொள்கை. 1946 டிசம்பரில் பாரத அரசியல் நிருணய சபையிலும் இதனையே எடுத்துரைத்தார். இவ்விஷயத்தில் நமக்கு அவரோடு முற்றும் உடன்பாடில்லை என்பதைச் சொல்லிவிடுகிறோம். திவானின் மகளுக்குப் பொது ஆசனத்தில் வெல்லும் வலு இருந்தது. கூடை சுமந்து மலையேறும் பெண்ணுக்கு அவ்வலுவை யார் தருவார்? கொழுந்து எடுப்போர் பெரும்பாலும் பெண்கள். அவர்கள் பேரால் பேசும் தலைவர்களோ பெரும்பாலும் ஆண்கள். இந்த நிலை தானே மாறும் என்று காத்திருந்தவர்கள் இன்னும் காத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆயினும், இரங்கிக் கொடுப்பதை வாங்கமாட்டேன் என்ற அந்த மான உணர்ச்சியை மதியாமலிருக்க முடியவில்லை.

அகில இந்திய மாதர் மகாநாட்டின் தலைவராக 1945, 46ஆம் ஆண்டுகளில் அவர் விளங்கினார். அப்பொழுது பாரத மாதரின் உரிமைகளும் கடமைகளும் பற்றிய சாசனம் ஒன்று அவர் முயற்சியால் உருவாயிற்று. சமமான கல்வி, சமமான வேதனம், சொத்திலே பங்கு, மண வாழ்வில் சம உரிமை என்பவை அதன் சாரம். இந்துச் சட்டத்தைத் திருத்தி, மகளுக்கும் தந்தையின் சொத்தில் பங்கு வேண்டுமென்றபோது அது சமய விரோதம் என்று கூச்சலிட்டவர் பலர். அம்மையார் பின்வாங்கவில்லை. வான்மீகியை மூலத்திலே கற்றவரிடம் சமயத்தைக் காட்டிப் பயமுறுத்துவது எளிதா?

1947 ஆகஸ்ட் 14ஆம் திகதி நள்ளிரவு, பாரதம் விடுதலை பெற்ற அந்த வேளையில், நாட்டு மாதர் அனைவரின் சார்பிலும் தேசியக் கொடியை அரசியல் நிருணய சபைக்குச் சமர்ப்பித்தவர் ஹன்ஸா அம்மையாரே. அச்சபையில் இருந்த பதினைந்து பெண்களுள் அவர் ஒருவர். அடிப்படை உரிமைகளை வகுத்த உபகுழுவிலும் ராஜகுமாரி அம்ரித் கௌர் அம்மையாருடன் சேர்ந்து உழைத்தார்.

இனி, உலகம் அவரை நினைவு கூர்வதற்குக் காரணமான நிகழ்ச்சிக்கு வருவோம். ஐக்கிய நாடுகள் தாபனம் மனித உரிமைகள் ஆணைக்குழு ஒன்றை அமைத்தது. பதினெட்டு நாடுகள் அதில் அங்கம் வகித்தன. பிரதிநிதிகளுள் பெண்கள் இருவரே. ஒருவர் தலைமை வகித்த எலினோர் ரூஸ்வெல்ட் அம்மையார், அமெரிக்க ஜனாதிபதியின் விதவை; மற்றவர் பாரதத்தின் பிரதிநிதி ஹன்ஸா மேத்தா. உலகப் பிரகடனத்தின் நகல் தயாராயிற்று. முதற் பிரிவு, ஆடவர் அனைவரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறக்கின்றனர் என்று பொருள்படும்படி அமைந்திருந்தது. ஆங்கிலத்திலே ஆடவரைக் குறிக்கும் அச்சொல் மனித குலம் முழுவதையும் குறிக்க வழங்குவதுண்டு. பெண்களும் அதில் அடக்கமென்பது வழக்கம்தானே என்று ரூஸ்வெல்ட் அம்மையார் முதலில் எண்ணினார்.

ஹன்ஸா அம்மையார் ஒப்பவில்லை. உலகிற் பல தேசங்கள் அச்சொல்லை உள்ளது உள்ளபடியே பொருள்கொண்டு, பெண்ணுக்கு உரிமையில்லையென்று வாதாடும் என்பது அவருக்குத் தெரியும். பாரதத்துப் பெண்கள் சாஸ்திரத்தின் ஒரு சொல்லால், சட்டத்தின் ஒரு வரியால் சொத்திழந்து நின்றதைக் கண்டவரல்லவா! பெரிதும் அவருடைய வற்புறுத்தலினாலே அச்சொல் நீக்கப்பட்டு, மனிதப் பிறவிகள் அனைவரும் என்று வாசகம் திருத்தப்பட்டது. 1948 டிசம்பர் 10ஆம் திகதி பாரிஸ் நகரில் பொதுச்சபை பிரகடனத்தை நிறைவேற்றியது. அறுபத்தேழு ஆண்டுகளுக்குப் பின், 2015இல் பாரதத்துக்கு வந்த ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் பான் கீ மூன், இத்திருத்தத்துக்காக உலகம் இந்தப் பெண்மணிக்குக் கடமைப்பட்டிருப்பதாக நினைவு கூர்ந்தார்.

மலையகத்தில் இருந்துகொண்டு அந்த 1948ஆம் ஆண்டை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. அதே ஆண்டிலே இலங்கையில் பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறி, நவம்பரில் அமுலுக்கு வந்தது. நம் பாட்டன் பாட்டிமார் பிரஜாவுரிமை இழந்தனர். அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. ஒவ்வொருவருக்கும் ஒரு தேசத்தின் பிரஜாவுரிமை உண்டு எனக் கூறும் பதினைந்தாம் பிரிவைக் கொண்ட பிரகடனம் பாரிஸில் நிறைவேறிய வேளையில், இம்மலைகளில் இலட்சக்கணக்கானோர் எந்தத் தேசத்தவரும் அல்லாதவராய் நின்றனர். எஞ்சியோருக்கும் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. சம வேலைக்குச் சம வேதனம் என்பது அப்பிரகடனத்தின் இருபத்துமூன்றாம் பிரிவு. நம் தோட்டங்களிலோ ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு அதனிலும் குறைந்த சம்பளம் என்ற வழக்கம் 1984 வரை நீடித்தது. காகிதத்தில் ஒரு சொல் மாறியதனால் என்ன பயன் என்று இளைஞர் சிலர் கேட்கக்கூடும். அந்தச் சம்பள ஏற்றத்தாழ்வை எதிர்த்து வாதாட எழுந்தவர்கள் கையில் எடுத்துக் காட்டுவதற்கு ஏதோ ஒன்று இருந்தது. அதில் பெண்ணும் எழுதப்பட்டிருந்தாள். அவ்வளவே நாம் சொல்லக்கூடியது.

சர்வகலாசாலைப் பணியை இனிக் கூறுவோம். மகரிஷி கார்வே என்று போற்றப்படும் தோண்டோ கேசவ கார்வே, விதவைகளின் வாழ்வுக்காகவே உழைத்தவர். ஜப்பானிலே மாதருக்கெனச் சர்வகலாசாலை உண்டென்று அறிந்து, 1916இல் ஐந்தே ஐந்து மாணவிகளுடன் பூனாவில் மாதர் சர்வகலாசாலை ஒன்றைத் தொடங்கினார். விட்டல்தாஸ் தாக்கர்ஸி என்னும் செல்வர் தம் தாயாரின் நினைவாகப் பதினைந்து இலட்சம் ரூபாய் நன்கொடையளிக்க முன்வந்தார். அத்தாயாரின் பெயரே அதற்கு வழங்கலாயிற்று. பின்னர் பம்பாய்க்கு இடம்பெயர்ந்த அச்சர்வகலாசாலைக்கு 1946இல் ஹன்ஸா அம்மையார் உபவேந்தரானார். பாரதத்தில் ஒரு பெண் உபவேந்தரானது அதுவே முதன்முறை. இங்கே இலங்கையில் ஒரு பெண்மணி உபவேந்தராவதற்கு, கொழும்பில் பேராசிரியை சாவித்திரி குணசேகர பதவியேற்ற 1999ஆம் ஆண்டு வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்தில் பேராசிரியை வசந்தி அரசரத்தினம் 2011இல் அப்பதவியை ஏற்றார்.

மாதர் மட்டுமே பயிலும் இடத்துக்கு மாதொருத்தி தலைமை தாங்குவதில் வியப்பில்லை எனச் சிலர் நினைத்திருக்கலாம். அவர்களுக்கும் விடை விரைவில் வந்தது. 1949 ஏப்ரல் 30ஆம் திகதி பரோடாவில் மகாராஜா சாயாஜிராவ் சர்வகலாசாலை உதயமாயிற்று. தம்மைக் காத்து நின்ற மன்னரின் பெயர் தாங்கிய அந்த நிலையத்துக்கு முதல் உபவேந்தராக அம்மையார் நியமனம் பெற்றார். ஆண்களும் பெண்களும் ஒருங்கே பயிலும் சர்வகலாசாலை ஒன்றைப் பாரதத்தில் ஒரு பெண் நிருவகித்தது அதுவே முதல் தடவை. தாம் பயின்ற பழைய பரோடாக் கல்லூரியே அதன் கருவாயமைந்தது என்பது ஒரு சுவையான பொருத்தம். 1958 வரை, ஒன்பது ஆண்டுகள் அப்பொறுப்பை வகித்தார்.

அந்த ஒன்பது ஆண்டுகளில் அவர் எழுப்பிய துறைகளைப் பார்த்தாலே அவர் உள்ளம் விளங்கும். பழைய சர்வகலாசாலைகள் சட்டம், வைத்தியம், இலக்கியம் என்று நடந்த தடத்திலேயே நடந்தன. பரோடாவிலோ நுண்கலைக்கு ஒரு பீடம், சமூக சேவைக்கு ஒரு பீடம், ஆசிரியக் கல்விக்கு ஒரு பீடம், மனையியலுக்கு ஒரு பீடம். ஓவியமும் சிற்பமும் பட்டப் படிப்புக்குரியவையா என்று ஏளனம் செய்தவர் உண்டு. 1950இல் தொடங்கிய அந்நுண்கலைப் பீடமே பிற்காலத்தில் பாரத ஓவிய உலகின் தலையாய பள்ளியாக வளர்ந்தது. கேரளத்தில் தமிழ்க் குடும்பத்திற் பிறந்து சென்னையிலே படித்த கே. ஜி. சுப்பிரமணியன் 1951இல் அங்கே ஆசிரியராகச் சேர்ந்து பெரும்புகழ் பெற்றவர்.

மனையியல் பீடத்தைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பெண்ணுக்குச் சமையலும் தையலும் போதும் என்போர் அதனைக் கண்டு மகிழ்ந்திருப்பர். பெண் விடுதலை விரும்பியோர் முகம் சுளித்திருப்பர். இரு சாராரும் அம்மையாரை அறியாதவர்கள். போஷாக்கு, குழந்தை வளர்ச்சி, குடும்பப் பொருளாதாரம் என்பவற்றை ஆராய்ச்சிக்குரிய விஞ்ஞானமாக அங்கே கற்பித்தனர். தாய் எதை உண்டால் பிள்ளை எடை கூடும் என்பது இரசாயனம் தெரிந்தவர் ஆராய வேண்டிய விஷயம். பிள்ளைக்காம்பராவில் விட்டுச் சென்ற குழந்தைக்கு என்ன உணவு கிடைத்ததோ என்ற கவலையோடு கொழுந்தெடுத்த தாய்மாரைக் கொண்ட நமக்கு இதன் அருமையை எவரும் விளக்க வேண்டியதில்லை.

1961இல் மாதர் கல்விக்கான தேசிய சபை, ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் பாடத்திட்டம் வெவ்வேறாக இருக்க வேண்டுமா என ஆராய ஒரு குழுவை நியமித்து அம்மையாரைத் தலைவராக்கியது. மனையியல் பீடம் கண்டவர் பெண்ணுக்கு மனையியலையே விதிப்பார் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தனர். அறிவிலும் சுபாவத்திலும் ஆணுக்கு இவை, பெண்ணுக்கு இவை என்று கூறப்படும் வேற்றுமைகளிற் பெரும்பகுதி வளர்ப்பினாலும் வழக்கத்தினாலும் வந்தவை என்றும், அவற்றைக் காட்டிப் பாடத்தைப் பிரிப்பது தகாதென்றும் அக்குழு அறிக்கையிட்டது. கீழ் வகுப்புகளில் இருபாலாரும் ஒரே பாடசாலையில் படிக்கலாம். மனையியல் வேண்டுமாயின் ஆண் பிள்ளையும் அதைக் கற்கட்டும் என்றது. கணவன் பிரட்டுக்குப் போய்த் திரும்பித் திண்ணையில் அமர, மனைவி பிரட்டுக்கும் போய், கொழுந்தும் நிறுத்து, அடுப்பும் மூட்டும் நம் லயங்களில் இந்தச் சிபாரிசை உரத்து வாசிக்கலாம். நம் மலையகத்து மன்றங்கள் பலவற்றில் இன்றும் பெண் பிள்ளைகளுக்குக் கோலமும் பூமாலையும், ஆண் பிள்ளைகளுக்குச் செயற்குழுவும் என்று பிரித்து வைத்திருக்கிறோமே, அப்பிரிவினைக்கும் அவ்வறிக்கை விடை கூறுகிறது.

1959இல் பாரத அரசாங்கம் அம்மையாருக்குப் பத்மபூஷண் விருது வழங்கிற்று. 1960 மே மாதம் குஜராத் தனி மாநிலமானபோது டாக்டர் ஜீவராஜ் மேத்தா அதன் முதல் முதலமைச்சரானார். பின்பு இலண்டனில் இந்திய உயர்ஸ்தானிகராகவும் இருந்தார். முதலமைச்சரின் மனைவி என்பதைவிட உபவேந்தர் என்பதே அம்மையாருக்கு ஊரார் மனத்தில் நிலைத்த பெயர். 1978இல் கணவர் மறைந்தார்.

கொடியைச் சமர்ப்பித்த கைகளே இராமாயண ஏடுகளையும் புரட்டின. வான்மீகியின் பால காண்டம், ஆரண்ய காண்டம், சுந்தர காண்டம் ஆகியவற்றை அவர் குஜராத்தியாக்கினார். 1995 ஏப்ரல் 4ஆம் திகதி, தொண்ணூற்றெட்டாம் வயது நிறைய மூன்று மாதங்கள் இருக்கையில், அம்மையார் இயற்கை எய்தினார். பரோடா சர்வகலாசாலையின் பெரிய நூல்நிலையத்துக்கு அவர் பெயரையே இட்டிருக்கிறார்கள்.